போரும் திரையும் – 11: ஏப்ரலில் மறைத்ததும் அக்டோபரில் காட்டியதும்

2004 ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியின் 'நைட்லைன்' நிகழ்ச்சியில் டெட் காப்பல் ஒரு பட்டியலை வாசிக்க உட்கார்ந்தார். இராக் போர் தொடங்கியதிலிருந்து அங்கே உயிரிழந்த அமெரிக்கப் படையினரின் பெயர்கள் அவை. மொத்தம் 721. அவர் பெயரைச் சொல்லச் சொல்ல, அந்தந்த முகம் திரையில் வந்து போனது. பெரும்பாலும் சீருடையில் எடுத்த படங்கள். பலருக்கு இருபது வயதுதான் கடந்திருக்கும். வரைபடம் இல்லை, ஓய்வுபெற்ற தளபதிகளின் அலசல் இல்லை, விவாதம் இல்லை. வழக்கமாக அரை மணி நேரம் ஓடும் நிகழ்ச்சியை அன்று மட்டும் 40 நிமிடத்துக்கு நீட்டியிருந்தார்கள்.

செயின்ட் லூயிஸ், கொலம்பஸ் முதலிய சில நகரங்களில் அந்த நேரத்தில் ஏபிசியைத் திருப்பியவர்களுக்கு இந்த முகங்கள் தெரியவில்லை. அந்த ஊர்களின் ஏபிசி நிலையங்கள் சின்க்ளேர் பிராட்காஸ்ட் குரூப் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானவை. மேரிலாந்து மாநிலத்திலிருந்து இயங்கிய அந்த நிறுவனத்தின் கையில் நாடெங்கும் 62 நிலையங்கள் இருந்தன. பெயர் வாசிப்பது அஞ்சலி அல்ல, இராக்கில் அமெரிக்காவின் முயற்சியைக் குலைக்கும் அரசியல் நோக்கம் கொண்டது என்று சொல்லி, தன் ஏபிசி நிலையங்கள் எதிலும் அதை ஒளிபரப்பக் கூடாது என்று சின்க்ளேர் உத்தரவிட்டது.

உடனே கொதித்தெழுந்தவர்களில் ஒருவர் போருக்கு எதிரானவரே அல்ல. அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன், இராக் மீது படையெடுக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்து வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர். வியட்நாமில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாகச் சித்திரவதைப்பட்டவர். அவர் சின்க்ளேர் தலைவர் டேவிட் ஸ்மித்துக்கு ஒரு கடிதம் எழுதினார். போருக்குக் கொடுக்கும் கொடிய விலையை மக்கள் நினைத்துப் பார்க்க விடாமல் செய்வது பொதுமக்களுக்கும் படையினருக்கும் இழைக்கும் பெரும் கேடு, அது நாட்டுப்பற்று இல்லாத செயல் என்று அதில் நேரடியாகவே குற்றம் சாட்டினார்.

ஆறே மாதத்தில், அதே சின்க்ளேர் இன்னொரு படத்தைத் தன் எல்லா நிலையங்களிலும் ஓட்டியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட காலம்தான் இந்த அத்தியாயம். மெக்கெய்னை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். நம் கதையின் திருப்பங்களில் அவர் திரும்பத் திரும்ப வந்து நிற்பார்.

சென்ற அத்தியாயத்தை 1975 ஆஸ்கர் மேடையில் விட்டிருந்தோம். வியட்நாம் போரைப் பற்றிய 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' ஆவணப்படத்துக்கு விருது கிடைத்ததும், தயாரிப்பாளர் பெர்ட் ஷ்னைடர் வியட்நாம் புரட்சி அரசின் பிரதிநிதி அனுப்பிய தந்தியை வாசித்ததும், கோபமடைந்த பாப் ஹோப் எழுதிக் கொடுத்த மறுப்பை ஃப்ராங்க் சினாட்ரா அதே மேடையில் படித்ததும் நினைவிருக்கும். வியட்நாமில் தோற்றது களத்தில் அல்ல, வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் என்று ராணுவத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை சரியா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பென்டகன் அதை அடிப்படையாக வைத்தே அடுத்த போர்களைத் திட்டமிட்டது. 1991 வளைகுடாப் போரின்போது, டெலாவேரில் உள்ள டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை வந்தது. 2003இல் உத்தி மாறியது. 600-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு சேர்த்தே அனுப்பப்பட்டார்கள். கவச வண்டிக்குள் உட்கார்ந்திருந்த கேமராவுக்குப் படைவீரனின் முகத்து வியர்வை தெரிந்தது. குண்டு போய் விழுந்த வீடு தெரியவில்லை.

போர் தொடங்கும் முன்பே உள்நாட்டில் வாய்களை அடைக்கும் வேலை ஆரம்பித்திருந்தது. போரை எதிர்த்தவர்களுக்கும் இடம் கொடுத்த ஃபில் டொனாஹ்யூவின் நிகழ்ச்சியை எம்எஸ்என்பிசி 2003 பிப்ரவரியில் நிறுத்தியது. போர்க்காலத்தில் இவர் முகம் நமக்குச் சங்கடம் என்ற பொருளில் நிறுவனத்துக்குள் சுற்றிய குறிப்பு பின்னர் வெளியே வந்தது. மார்ச் 10 அன்று லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் இசைக்குழுவின் பாடகி நடாலி மெய்ன்ஸ், அதிபர் புஷ் தங்கள் டெக்சஸ்காரர் என்பதில் வெட்கப்படுவதாகச் சொன்னார். வானொலிகள் அவர்கள் பாட்டை நிறுத்தின. லூசியானாவில் ஒரு கூட்டம் அவர்களுடைய குறுந்தகடுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றி நொறுக்கியது. கியூமுலஸ் என்ற வானொலி நிறுவனம் தன் கன்ட்ரி இசை நிலையங்கள் முழுவதிலும் அவர்களைத் தடை செய்தது. ஜூலையில் அந்த நிறுவனத் தலைவரைச் செனட் குழு முன் நிறுத்திக் கேள்வி கேட்டவர் யார் என்றால், குழுத் தலைவர் மெக்கெய்ன். பாடகியின் பேச்சு தன்னையும் புண்படுத்தியது என்று சொல்லிவிட்டு, அதற்காக ஒரு நிறுவனம் மேலிடத்திலிருந்து மொத்தமாகத் தடை போட்டால் பேச்சுரிமை அரிக்கப்படுகிறது என்று எச்சரித்தார்.

நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் உருளைக்கிழங்கு வறுவலின் பெயரில் இருந்த 'ஃப்ரெஞ்ச்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஃப்ரீடம்' என்று மாற்றினார்கள். போரை ஃபிரான்ஸ் எதிர்த்ததற்கான தண்டனை அது. அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் வட கரோலினா உறுப்பினர் வால்டர் ஜோன்ஸ். இவரும் பின்னால் வருவார்.

படையெடுப்பு தொடங்கி நான்காம் நாள், மார்ச் 23. ஆஸ்கர் விழா. 'பவ்லிங் ஃபார் கொலம்பைன்' படத்துக்காக விருது வாங்க வந்த மைக்கேல் மூர், போட்டியிலிருந்த மற்ற ஆவணப்பட இயக்குநர்களையும் மேடைக்கு அழைத்து வந்தார். பொய்யான காரணங்களுக்காக நம்மைப் போருக்கு அனுப்புகிறார்கள் என்றார், அதிபரின் பெயரைச் சொல்லி வெட்கக்கேடு என்றார். அரங்கத்தில் கைதட்டலும் கூச்சலும் கலந்து எழுந்தன. இசைக்குழு வாசிக்க ஆரம்பித்து அவரை இறக்கிவிட்டது. பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் இருக்கின்றன என்பதுதான் போருக்குச் சொன்ன காரணம். வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அந்த பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆதாரம் என்று அடுக்கிக் காட்டியதும் அதைத்தான். 2004 அக்டோபரில் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே, அப்படிப்பட்ட கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

மூரின் அடுத்த படம் 'ஃபாரன்ஹீட் 9/11'. அதைத் தயாரித்த மிராமாக்ஸ், டிஸ்னியின் கிளை நிறுவனம். டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னர் படத்தை வெளியிட மறுத்தார். 2004 மே முதல் வாரத்தில் இது செய்தியானபோது பெரும் தணிக்கைச் சர்ச்சையாக வெடித்தது. இந்த முடிவை டிஸ்னி ஓராண்டுக்கு முன்பே மிராமாக்ஸுக்குச் சொல்லிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மே 22 அன்று, க்வென்டின் டாரன்டினோ தலைமையிலான நடுவர் குழு கான் விழாவின் தங்கப்பனை விருதை அந்தப் படத்துக்குக் கொடுத்தது. 1956இல் கூஸ்தோவின் கடலடிப் படத்துக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற ஆவணப்படம் இதுதான். மிராமாக்ஸை நடத்திய வைன்ஸ்டீன் சகோதரர்கள் உரிமையை டிஸ்னியிடமிருந்து விலைக்கு வாங்கி, வேறு நிறுவனங்களின் துணையோடு ஜூன் 25 அன்று நாடெங்கும் வெளியிட்டார்கள். சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த படம், முதல் வார இறுதியிலேயே 2.39 கோடி டாலர் வசூலித்து முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் மொத்தம் 11.9 கோடி டாலர். அதுவரை எந்த ஆவணப்படமும் இந்தத் தொகையை நெருங்கியதில்லை.

இருபது ஆண்டு கழித்து இந்தப் படத்தைப் பார்க்கும்போது, புஷ்ஷைக் கிண்டலடிக்கும் பகுதிகள் வெளிறிப்போய்த் தெரிகின்றன. மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரப் பகுதிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மூர் பிறந்த ஊர் அது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகள் மூடியதில் நொடிந்துபோன ஊர். அங்கே மரைன் படைக்கு ஆள் சேர்க்கும் இருவரோடு கேமரா நடக்கிறது. நகரில் இரண்டு வணிக வளாகங்கள். வசதியானவர்கள் போகும் வளாகத்தை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகள் சுற்றித் திரியும் கோர்ட்லண்ட் வளாகத்துக்குத்தான் அவர்கள் போகிறார்கள். வாகன நிறுத்தத்தில் ஒரு பையனைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கமாக வளைத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். பாட்டில் விருப்பம் என்கிறான் ஒருவன். ராணுவத்தில் சேர்ந்து பிறகு பாடகரானவர்களின் கதை உடனே வருகிறது. போர் யாருடைய பிள்ளைகளைக் கேட்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதே ஊரில் ஒரு தாய். தினமும் வீட்டு வாசலில் தேசியக் கொடி ஏற்றுபவர். போர் எதிர்ப்பாளர்களைக் கண்டாலே முன்பெல்லாம் தனக்கு ஆத்திரம் வரும், அவர்கள் தன் பிள்ளையை அவமதிப்பதாகத் தோன்றும் என்று அவரே சொல்கிறார். அவருடைய மகன் 2003 ஏப்ரல் 2 அன்று கர்பலா அருகே பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். மகனின் கடைசிக் கடிதத்தைக் குடும்பத்தார் நடுவே உட்கார்ந்து வாசிக்கிறார். பிறகு வாஷிங்டனுக்குப் போய் வெள்ளை மாளிகை முன் நிற்கும்போது, வழியில் வந்த ஒரு பெண் இதெல்லாம் நாடகம் என்கிறார். என் மகன் இறந்தது நாடகமா என்று இந்தத் தாய் கேட்க, எங்கே இறந்தான் என்று அந்தப் பெண் குறுக்குக் கேள்வி போடுகிறார். ஊரும் தேதியும் சொல்லிப் பெற்ற பிள்ளையின் சாவை நிரூபிக்க வேண்டியிருந்தது ஒரு தாய்க்கு. அமெரிக்கா எந்த அளவுக்குப் பிளந்து கிடந்தது என்பதற்கு இந்தச் சில நொடிகளே போதும்.

படத்தின் குறைகளும் சிறியவை அல்ல. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்களை மூர் தெருவில் வழிமறிக்கும் காட்சியில், மின்னசோட்டா உறுப்பினர் மார்க் கென்னடி திருதிருவென்று விழிப்பது மட்டும் இருக்கிறது. தன் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆப்கானிஸ்தானுக்குப் போகிறான் என்று அவர் சொன்ன பதில் வெட்டப்பட்டுவிட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சவுதிக்காரர்கள் விசாரணையே இல்லாமல் வெளியேறவிடப்பட்டார்கள் என்ற எண்ணம் பார்வையாளருக்கு ஏற்படுகிறது. ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, எஃப்பிஐ அந்த விமானங்களைத் திருப்திகரமாகச் சோதித்தது என்றது. குண்டு விழுவதற்கு முந்தைய பாக்தாத்தில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். சதாமின் சிறைகளும் குர்துகளின் சவக்குழிகளும் படத்தில் இல்லை. பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் படம் வெளிவரும் முன்பே எழுதிய நீண்ட கண்டனக் கட்டுரையில் இதைத்தான் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வாதம் கட்டுரையோடு நிற்கவில்லை. 'மூவ் அமெரிக்கா ஃபார்வர்ட்' என்ற அமைப்பு, படத்தைத் திரையிடாதீர்கள் என்று திரையரங்குகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஆட்களைத் திரட்டியது. 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' என்ற வலதுசாரி அமைப்பு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் போனது. அதன் தலைவர் டேவிட் பாஸி பிடித்துக்கொண்டது 2002இல் வந்த தேர்தல் நிதிச் சட்டத்தை. நிறுவனமோ தொழிற்சங்கமோ தன் கஜானாப் பணத்தில், வேட்பாளர் பெயரைச் சொல்லும் ஒளிபரப்பை, கட்சி மாநாட்டுக்கு முந்தைய 30 நாளிலும் தேர்தலுக்கு முந்தைய 60 நாளிலும் செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். மூர் படத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில் புஷ் வருகிறார், ஆகவே அவை சட்டவிரோதம் என்பது புகார். அந்தச் சட்டத்தை இயற்றப் பல ஆண்டுகள் போராடியவர்களில் முதல்வர் மெக்கெய்ன். மெக்கெய்ன்–ஃபைன்கோல்ட் சட்டம் என்றே அதற்குப் பெயர். ஆணையம் பின்னர் புகாரைத் தள்ளுபடி செய்தது.

ஆகஸ்ட் 30, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். குடியரசுக் கட்சி மாநாட்டில் மெக்கெய்ன் பேசுகிறார். போரைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்று வாதிட்டுக்கொண்டே வந்தவர், சதாமின் இராக்கை அமைதிப் பூங்கா என்று நம்பவைக்கப் பார்க்கும் ஒரு நேர்மையற்ற படக்காரர் என்று ஒரு வரியைப் போட்டார். ஒரு நாளிதழுக்கு எழுதுவதற்காக மூர் அன்று அந்த அரங்கத்திலேயே, செய்தியாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான தலைகள் ஒருசேர அவர் பக்கம் திரும்பின. கூச்சல் அடங்கவே நேரமானது. மெக்கெய்ன் அந்த வரியை இன்னொரு முறை சொன்னார். மூர் கையசைத்தார். பெயர்களை வாசிக்க விடாததை நாட்டுப்பற்றற்ற செயல் என்று எழுதிய அதே மனிதர்தான் இவர். முரண்பாடு போலத் தெரியும், ஆனால் முரண்பாடு அல்ல. இறந்தவர்களைக் காட்டாதே என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. காட்டிவிட்டு வாதிடு, நானும் வாதிடுகிறேன் என்பது அவர் நிலை. அந்த ஆண்டில் இரு தரப்பிலும் இந்த நிலையில் நின்றவர்கள் மிகக் குறைவு.

சின்க்ளேருக்கு வருவோம். அந்த ஆண்டின் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஜான் கெர்ரி வியட்நாமில் போரிட்டுப் பதக்கம் பெற்றவர். திரும்பி வந்து 1971 ஏப்ரல் 22 அன்று செனட் வெளியுறவுக் குழு முன், அமெரிக்கப் படையினரே ஒப்புக்கொண்ட கொடுமைகளைப் பற்றிச் சாட்சி சொன்னவர். 33 ஆண்டு கழித்து அந்தச் சாட்சியம் அவரைத் துரத்தியது. கார்ல்டன் ஷெர்வுட் எடுத்த 'ஸ்டோலன் ஹானர்' என்ற 42 நிமிடப் படத்தில் முன்னாள் போர்க்கைதிகள் பேசினார்கள். கெர்ரியின் பேச்சைத்தான் எங்களைச் சித்திரவதை செய்தவர்கள் ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள், அதனால் எங்கள் சிறைவாசம் நீண்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்த முகங்களில் இருந்த வலி நடிப்பல்ல. வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது, வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு இதைப் போட வேண்டும் என்று 62 நிலையங்களுக்கும் சின்க்ளேர் சொல்கிறது என்ற செய்தி அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வெளியானது.

ஜூனில் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தட்டிய அதே தேர்தல் ஆணையக் கதவை இப்போது ஜனநாயகக் கட்சி தேசியக் குழு தட்டியது. இது படமல்ல, ஒரு வேட்பாளருக்குச் செய்யும் சட்டவிரோத நன்கொடை என்று புகார். நான்கு மாதத்தில் வாதங்கள் அப்படியே கைமாறிவிட்டன. மூர் படத்தைத் தடுக்காதே, அது பேச்சுரிமை என்றவர்கள் இதைத் தடு என்றார்கள். அதைத் தடு என்றவர்கள் இது பேச்சுரிமை என்றார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. மூர் படத்துக்கு மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சின்க்ளேர் பயன்படுத்தியது பொது அலைவரிசை, அதுவும் உள்ளூர் நிலையங்களின் கருத்தைக் கேட்காமல்.

விளம்பரதாரர்கள் விலகினார்கள். பங்கு விலை சரிந்தது. சின்க்ளேரின் வாஷிங்டன் பிரிவுத் தலைவர் ஜான் லீபர்மன், இது செய்தி அல்ல, ஒருதலைப் பிரசாரம் என்று பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொல்லி வேலையை இழந்தார். கடைசியில் அக்டோபர் 22 அன்று, முழுப் படத்துக்குப் பதில் அதன் சில பகுதிகளை மட்டும் சேர்த்து, ஊடகமும் அரசியலும் பற்றிய வேறொரு நிகழ்ச்சியாகச் சின்க்ளேர் ஒளிபரப்பியது.

இந்த இரண்டு படங்களைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. இராக்கில் ஹெலிகாப்டர் சக்கரம் வெடித்து இரு கைகளையும் இழந்த நேஷனல் கார்டு சார்ஜண்ட் ஒருவர், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து என்பிசி செய்திக்கு ஒரு பேட்டி கொடுத்தார். வலி நிவாரண சிகிச்சை தனக்கு எப்படி உதவுகிறது என்பதைச் சொன்ன பேட்டி அது. அதன் ஒரு துண்டு, அவரைக் கேட்காமலேயே மூர் படத்தில் வந்தது. அவர் போரை ஆதரித்தவர். தன் முகம் போர் எதிர்ப்புக்குச் சாட்சியாக நிற்பதைக் கண்டு கொதித்து, 8.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2008இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். மறுபக்கம், 1971இல் டெட்ராய்ட் நகரில் முன்னாள் படையினர் கூடிச் சாட்சி சொன்னதைப் பதிவு செய்த பழைய படத்தின் காட்சிகள் 'ஸ்டோலன் ஹானர்' படத்தில் பயன்பட்டன. அதில் தன் முகத்தைக் கண்ட ஒரு வியட்நாம் படைவீரர், பின்னாளில் பேராசிரியரானவர், தன்னைப் பொய்யனாகச் சித்திரித்துவிட்டார்கள் என்று அவதூறு வழக்குத் தொடுத்தார். படைவீரரைப் போற்றுவதாக இரு தரப்பும் சத்தியம் செய்தன. அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க இரு தரப்புக்கும் தோன்றவில்லை.

இன்னொரு வெற்றிடமும் இருக்கிறது. காப்பல் வாசித்த பட்டியலில் ஓர் இராக்கியர் பெயர்கூட இல்லை. அதற்குள் இறந்துபோயிருந்த பல ஆயிரம் இராக்கியர்களின் பெயர்களை வாசிக்க 40 நிமிடம் அல்ல, பல இரவுகள் தேவைப்பட்டிருக்கும். அந்த இடத்தைத் தொட்ட படம் ஜெஹான் நுஜைம் இயக்கிய 'கன்ட்ரோல் ரூம்'. கத்தார் தலைநகர் தோஹாவில் அல் ஜசீராவின் அலுவலகத்தையும், அமெரிக்க ராணுவத்தின் செய்தித் தொடர்பு முகாமையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஜோஷ் ரஷிங் என்ற இளம் மரைன் அதிகாரி, அமெரிக்கத் தரப்பை எடுத்துச் சொல்ல அங்கே பணியில் இருக்கிறார். இறந்த அமெரிக்க வீரர்களின் உடல்களை அல் ஜசீரா காட்டிய இரவில் அவருக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. அதற்கு முந்தைய இரவு இதே போலக் கொடூரமான இராக்கியர் உடல்களைப் பார்த்தோம், அப்போது தனக்கு இப்படி ஆகவில்லையே என்று கேமரா முன்னாலேயே யோசிக்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறுகிறது. படம் வெளிவந்த பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ராணுவம் சொல்லவே, அவர் சீருடையைக் கழற்றினார். பிறகு அல் ஜசீரா ஆங்கிலச் சேவையிலேயே செய்தியாளராகச் சேர்ந்தார். மூரின் படத்தைவிட இதைப் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு குறைவு. ஆனால் அந்த ஆண்டு வந்த படங்களில் தன் தரப்பைத் தானே கேள்வி கேட்ட மனிதரைக் காட்டியது இதுதான்.

நவம்பர் 2 அன்று புஷ் 50.7 சதவீத வாக்குகளோடு வென்றார். படங்களால் தேர்தலை மாற்ற முடியவில்லை.

மாறியவர்கள் தனித்தனி மனிதர்கள். உணவகப் பட்டியலில் பெயர் மாற்றிய வால்டர் ஜோன்ஸின் தொகுதியில்தான் லெஜூன் மரைன் முகாம் இருக்கிறது. 2003 ஏப்ரலில் அந்த முகாமில் ஒரு மரைன் சார்ஜண்டின் இறுதிச் சடங்குக்குப் போனார். மனைவி, கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தை வாசித்தார். இறந்தவர் தன் இரட்டைக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததே இல்லை. வீடு திரும்பும் வழியிலேயே மனம் உடைந்ததாக ஜோன்ஸ் பின்னர் பலமுறை சொன்னார். இறந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதங்கள் பல ஆயிரத்தைத் தாண்டின. நாடாளுமன்ற அலுவலகத்தின் வெளிச்சுவரில் லெஜூன் முகாமிலிருந்து போய் இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டினார். 2005இல் படைகளைத் திரும்ப அழைக்கக் கால அட்டவணை வேண்டும் என்று எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார். சொந்தக் கட்சி அவரை ஒதுக்கியது. படை முகாம் நிறைந்த அந்தத் தொகுதியின் மக்கள் 2019இல் அவர் இறக்கும்வரை திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். டோவர் தளத்தில் படமெடுக்கும் தடையும் 2009இல் தளர்ந்தது. குடும்பத்தார் சம்மதித்தால் எடுக்கலாம் என்றானது.

டேவிட் பாஸியின் கதை அந்த ஆணையப் புகாரோடு முடியவில்லை. மூர் படத்தின் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் இரவு பகலாக ஓடியதைப் பார்த்துத்தான் தனக்கு வழி புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2004இலேயே 'செல்சியஸ் 41.11' என்ற பதில் படத்தை எடுத்தார். அதன் விளம்பரங்களுக்கு விலக்குக் கேட்டபோது ஆணையம் மறுத்தது. 2008இல் ஹிலாரி கிளின்டனைத் தாக்கி 'ஹிலாரி: த மூவி' என்ற படத்தை எடுத்து, கேபிளில் விரும்பியபோது பார்க்கும் வசதியில் கொடுக்க முயன்றார். மெக்கெய்ன் சட்டம் குறுக்கே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2009 மார்ச்சில் நடந்த முதல் விசாரணையில் நீதிபதிகள் அரசு வழக்கறிஞரிடம் கேட்டார்கள்: இதே கருத்துள்ள புத்தகத்தை ஒரு நிறுவனம் தன் பணத்தில் அச்சிட்டால் அதையும் தடுக்க முடியுமா? சட்டத்தின் தர்க்கப்படி முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அமர்வு திடுக்கிட்டது. வழக்கு அன்றே வேறு பாதையில் திரும்பிவிட்டது. செப்டம்பரில் மறுபடி விசாரித்து, 2010 ஜனவரி 21 அன்று 5–4 என்ற கணக்கில், நிறுவனங்களும் சங்கங்களும் தேர்தலில் சுயேச்சையாகச் செலவு செய்வதைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெக்கெய்ன் சட்டத்தின் முதுகெலும்பு அன்றே முறிந்தது. போர்ப் படம் ஒன்றின் விளம்பரத்தை நிறுத்தப் போடப்பட்ட புகார், ஆறு ஆண்டுகளில் அமெரிக்கத் தேர்தல்களின் பணப் பெட்டியையே திறந்துவிட்டது.

மூரும் ஷெர்வுட்டும் படைவீரரின் முகத்தைக் கடன் வாங்கிச் சண்டையிட்டுக்கொண்டிருந்த அதே 2004இல், நியூ ஹாம்ப்ஷர் நேஷனல் கார்டைச் சேர்ந்த சிலர் டெபோரா ஸ்க்ரான்டன் என்ற இயக்குநர் கொடுத்த கையடக்கக் கேமராக்களைக் கவச வண்டிகளில் பொருத்திக்கொண்டு இராக் சாலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகள் 'த வார் டேப்ஸ்' படமானதும், 2007 மே மாதம் பென்டகன் தன் கணினிகளில் யூடியூபை முடக்கியதும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)